சூச்சிக்கு 80 வயது: ஆசியான் தூதர்கள் போய் வந்ததில் என்ன கிடைத்தது?

கேலாங்வாசி | 19 ஜூன் 2025, இரவு 9:12

ராணுவம் கவிழ்த்த மியன்மார் அரசாங்கத்தின் தலைவர் ஆங் சான் சூச்சியின் 80-வது பிறந்தநாள் இன்று. 2021 பிப்ரவரி 1 விடியற்காலையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்னும் விடவில்லை. வழக்கு மேல் வழக்காகப் போட்டு மொத்தம் 33 ஆண்டுச் சிறை என்றார்கள். 2023 ஆகஸ்டில் அதில் ஆறு ஆண்டைக் கழித்து 27 ஆக்கினார்கள். போன ஆண்டு ஏப்ரலில், வெயில் கடுமையாக இருப்பதால் சிறையிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம் என்று ராணுவம் சொன்னது. எந்த இடம் என்று சொல்லவில்லை. லண்டனில் இருக்கும் மகன் கிம் ஆரிஸுக்கே தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் மியன்மாருக்கு நியமித்த தூதர்கள்: 2021-இல் புருணையின் எரிவான் யூசோஃப், 2022-இல் கம்போடியாவின் பிராக் சொக்கோன், 2023-இல் இந்தோனேசியாவின் ரெட்னோ மர்சூடி, 2024-இல் லாவோஸின் அலவுங்கியோ கிட்டிகூன், இந்த ஆண்டு மலேசியாவின் ஒத்மான் ஹாஷிம். ஆசியான் தலைமை மாறினால் தூதரும் மாறுகிறார். புது ஆள் வந்து எல்லாரையும் அறிமுகம் செய்துகொள்வதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது. இவர்களில் ஒருவர்கூட அந்த அம்மாவை நேரில் பார்க்கவில்லை. இது நிஜமாகவே ராஜதந்திரமா, இல்லை சடங்கா?

எங்கள் பட்டறையில் பர்மாக்காரர்கள் நிறையப் பேர். காலையில் கேன்டீனில் ஒருவர் கைப்பேசியில் சூச்சி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்ததும் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். அவரிடம் கேட்க வாய் வரவில்லை, இங்கே கேட்கிறேன்.

புக்கிட்பாத்தோக் மாமா | 9:20

சடங்குதான். ஐந்து அம்சத் திட்டம் என்றார்கள், ஐந்தில் ஒன்றாவது நடந்ததா? நடுவர் இழையைப் பூட்டிவிடலாம்.

நூலகப்பூனை | 10:03

மாமா, பூட்டுவதற்கு முன்னால் ஒன்று. அந்த ஐந்து அம்சத்தில் சூச்சியின் விடுதலை இல்லவே இல்லை. எல்லாரும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2021 ஏப்ரல் 24, ஜகார்த்தா. ராணுவ ஆட்சித் தலைவர் மின் ஆங் லைங்கையும் உட்காரவைத்துப் பேசி முடித்தவை: வன்முறையை நிறுத்துவது, எல்லாத் தரப்பும் பேசுவது, பேச்சை நடத்திவைக்க ஒரு சிறப்புத் தூதர், மனிதாபிமான உதவி, தூதர் நேரில் போய் எல்லாத் தரப்பையும் சந்திப்பது. அரசியல் கைதிகள் பற்றி என்ன இருக்கிறது தெரியுமா? தலைவரின் அறிக்கையில், அவர்களை விடுவிக்கவேண்டும் என்ற குரல்களைக் கேட்டோம் என்று ஒரு வரி. கேட்டார்களாம்! ஒத்துக்கொண்ட பட்டியலில் அது ஏறவில்லை. கூட்டத்துக்கு முன்னால் பேசப்பட்டது, அறிக்கை வெளிவரும்போது இந்த அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது.

ஆகவே தூதர்கள் கையில் இருந்த ஒரே பிடி, எல்லாத் தரப்பையும் சந்திப்பது என்ற ஐந்தாவது அம்சம். எரிவான் அதைத்தான் பிடித்தார். சூச்சியைப் பார்க்க விடமாட்டோம் என்றதும் 2021 அக்டோபர் பயணத்தையே கைவிட்டார். அடுத்து என்ன நடந்தது? அந்த மாத உச்சநிலைக் கூட்டத்துக்கு மின் ஆங் லைங்கை வரவேண்டாம் என்றது ஆசியான். ஒரு நாட்டின் ஆட்சித்தலைவரை அப்படி வாசலில் நிறுத்தியது அதுவே முதல்முறை. 2026-இல் மியன்மாருக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பும் பிலிப்பீன்ஸுக்குப் போய்விட்டது. இதையும் சடங்கு என்பீர்களா?

கப்பல்காரன் | 10:31

பூனை சொல்வது சரி. ஆனால் நாற்காலி தராததால் எந்த ஜெனரலுக்கும் தூக்கம் கெடாது. அவர்களுக்குத் தூக்கம் கெடுவது காசிலும் விமான எரிபொருளிலும்.

நம் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேசமுடியாது. 2023 மே மாதம் ஐநா சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ், ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மியன்மார் ராணுவத்துக்கு ஆயுதமும் உதிரிப்பொருளும் எங்கிருந்து போகின்றன என்று ஒரு கணக்குக் கொடுத்தார். ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து மூன்றாவதாகச் சிங்கப்பூரில் பதிவான நிறுவனங்கள், 254 மில்லியன் அமெரிக்க டாலர். அரசாங்கம் விற்றதல்ல, இங்கே பதிவுசெய்துகொண்டு தனியார் செய்த வியாபாரம். அரசாங்கம் விசாரணையில் இறங்கியது. அடுத்த ஆண்டு அறிக்கையில் பார்த்தால், ஆண்டுக்கு 110 மில்லியனாக இருந்தது 10 மில்லியன் அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஐந்து தூதர்கள் சேர்ந்து செய்யாததை நம் சுங்கத்துறையும் வங்கிகளும் ஓசையில்லாமல் செய்துவிட்டன என்பேன்.

கேலாங்வாசி | 10:40

சரி, ஆனால் அதனால் அவர் வெளியே வந்தாரா?

கப்பல்காரன் | 10:42

வரவில்லை. நான் அவரைப் பற்றி மட்டும் பேசவில்லை, தலையில் விழும் குண்டுகளைப் பற்றியும் பேசுகிறேன்.

ரங்கூன்பேத்தி | 20 ஜூன், காலை 7:15

வேலைக்குப் போகும் வழியில் எம்ஆர்டியில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாட்டி வீடு ரங்கூனில். ராணுவ ஆட்சியாளர் நே வின் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியபோது 1964-இல் கப்பலேறி மெட்ராஸ் வந்தவர்கள். கையில் கொண்டுவர விட்டது கொஞ்சம்தான். அப்படி வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ, அத்தோ கடைகளும் பர்மா பஜாரும் அவர்கள் போட்டவைதான். அதனால் பர்மா ராணுவம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நடுநிலை கிடையாது.

ஆனாலும் எனக்குச் சூச்சி மீது பழைய மரியாதை இல்லை. 2019 டிசம்பரில் ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து ரொஹிங்யா முஸ்லிம்கள் ஒடுக்கப்பட்ட விவகாரத்தில் நாட்டின் தரப்பை, அதாவது அந்த ராணுவத்தின் தரப்பை, அவரே முன்னின்று வாதாடினார். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் இங்கே சிங்கப்பூர்ச் சொற்பொழிவுக்கு வந்தபோது, என் அமைச்சரவையில் மூன்று ஜெனரல்கள் இருக்கிறார்கள், மூவரும் இனிமையானவர்கள் என்றாரே, நினைவிருக்கிறதா? கூட்டமே சிரித்தது. இரண்டரை ஆண்டு கழித்து அந்த இனிமையானவர்களின் படைதான் கதவைத் தட்டியது.

மேற்கு நாடுகள் இந்தமுறை அவருக்காக உருகாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். உலகத்துக்கே செல்லமாக இருந்த கைதி அல்ல இப்போது அவர். சிறையில் இருக்கக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இன்னும் 20,000 பேருக்கு மேல் உள்ளே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறந்தநாள் வந்தால் இழை திறப்போமா?

மூன்றாம்மாடி | 12:48

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

யார் யார் வெளியே வந்தார்கள் என்று பாருங்கள், அவர்கள் கணக்கு புரிந்துவிடும். அமெரிக்கப் பத்திரிகையாளர் டேனி ஃபென்ஸ்டர்: 2021 நவம்பர் 12-இல் 11 ஆண்டுத் தண்டனை, மூன்றே நாளில் விடுதலை. முன்னாள் ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் மின் ஆங் லைங்கை நேரில் பார்த்துப் பேசிக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். முன்னாள் பிரிட்டிஷ் தூதர் விக்கி போமன், ஜப்பானியப் படப்பிடிப்பாளர் தோரு குபோதா, இருவரும் 2022 நவம்பர் 17-இல் பொதுமன்னிப்பில் வந்தார்கள்.

அன்றைக்கே வந்த இன்னொருவர் ஷான் டர்னல், ஆஸ்திரேலியப் பொருளியல் அறிஞர், சூச்சியின் ஆலோசகர். அவர் கதையில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் மீதும் சூச்சி மீதும் போட்டது ஒரே வழக்கு, அரசு ரகசியச் சட்டம். 2022 செப்டம்பர் 29-இல் ஒரே நீதிமன்றம், ஒரே நாளில், இருவருக்கும் ஆளுக்கு மூன்று ஆண்டு விதித்தது. ஏழு வாரத்தில் ஒருவர் சிட்னியில். மற்றவருக்கு அதே டிசம்பரில் இன்னும் ஏழு ஆண்டு கூட்டிப் போட்டார்கள்.

இது புதிதும் அல்ல. 2009-இல் ஜான் யெட்டா என்ற அமெரிக்கர் இன்யா ஏரியை நீந்திக் கடந்து சூச்சி வீட்டுக்குள் போய்விட்டார். அவருக்கு ஏழு ஆண்டுக் கடுங்காவல். அமெரிக்க செனட்டர் ஜிம் வெப் தலைநகர் நேபிடோவுக்குப் பறந்துபோய் அன்றைய ராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வேயைப் பார்த்தார், மறுநாளே யெட்டாவைக் கூட்டிக்கொண்டு பாங்காக் போனார். அழைக்காமல் வந்து நுழைந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். நுழையப்பட்ட வீட்டுக்காரிக்கு இன்னும் பதினெட்டு மாத வீட்டுக்காவல், 2010 தேர்தல் முடியும் வரைக்கும் கச்சிதமாகக் கணக்குப் பண்ணி.

வெளிநாட்டுக் கைதி ராணுவத்துக்குச் செலவழிக்கக்கூடிய காசு. கொடுத்தால் ஒரு படம், ஒரு கைகுலுக்கல், கொஞ்சம் நல்லபெயர். எதிர்க்கட்சித் தலைவர் அப்படி இல்லை, அவர்தான் கைமுதல். அடகுக்கடையில் வட்டி கட்டினால் வட்டிக்குத்தான் ரசீது வரும், நகை வராது. ஒவ்வொரு தூதரும் போய் வட்டி கட்டிவிட்டு வருகிறார்.

புக்கிட்பாத்தோக் மாமா | 1:05

வட்டி கட்டாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடுமே தம்பி!

நூலகப்பூனை | மாலை 6:30

மூன்றாம்மாடி, கச்சிதமாகத்தான் இருக்கிறது, ஆனால் 2002-ஐ விட்டுவிட்டீர்கள்.

மலேசியாவின் ரசாலி இஸ்மாயில், ஐநா சிறப்புத் தூதர். 2000-த்தில் பொறுப்பேற்றார், திரும்பத் திரும்ப ரங்கூன் போனார், மேடையில் பேசவில்லை, ராணுவத்துக்கும் சூச்சிக்கும் இடையே சத்தமில்லாமல் பேச்சை ஓட்டினார். 2002 மே 6-இல் சூச்சி வெளியே வந்தார். இது கைதி பரிமாற்றமும் இல்லை, புரட்சியும் இல்லை. ஒரு தூதர் பொறுமையாகச் செய்த வேலை.

மூன்றாம்மாடி | 6:52

2003 மே 30, டிபாயின். அவர் போன வாகன வரிசையை ஓர் இரவில் கும்பல் அடித்து நொறுக்கியது, அவர் மறுபடி உள்ளே. ரசாலி வாங்கிக் கொடுத்தது ஒரு வருடச் சொச்சம். சேருமிடமெல்லாம் கூட்டம் கூடுகிறது என்று பார்த்ததும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் எப்போது விட்டார்கள்? 2010 நவம்பர் 13. தேர்தல் நவம்பர் 7. தங்களுக்கு வேண்டிய தேர்தல் முடிந்து ஆறாம் நாள். அந்தக் கணக்கை எந்தத் தூதரும் எழுதவில்லை.

நூலகப்பூனை | 7:10

அந்த ஒரு வருடத்தில் அவர் நாடு முழுக்கப் போய்க் கட்சி அலுவலகங்களைத் திறந்தார். உள்ளே இருந்த கட்சிக்காரர்கள் பலர் வெளியே வந்தார்கள். சிறையில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் சின்ன விஷயமா?

தேக்காதமிழன் | 8:25

எல்லாரும் பர்மாவிலேயே நிற்கிறீர்கள். உக்ரேனின் முன்னாள் பிரதமர் யூலியா திமோஷென்கோவைப் பாருங்கள். 2011-இல் ரஷ்ய எரிவாயு ஒப்பந்தத்துக்காக ஏழு ஆண்டு போட்டார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் இரண்டு பெரிய மனிதர்களை அனுப்பியது: பேட் காக்ஸ், அந்த நாடாளுமன்றத்தின் முன்னாள் தலைவர், குவாஸ்னியெவ்ஸ்கி, போலந்தின் முன்னாள் அதிபர். 2012 நடுவிலிருந்து 2013 கடைசி வரை 27 முறை போனார்கள். முதுகுவலிக்கு ஜெர்மனியில் சிகிச்சை என்ற பெயரில் வெளியே அனுப்பிவிடலாம், யாருக்கும் மானம் போகாது என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கைமேல் பெரிய பரிசும் இருந்தது, ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கை. அதிபர் யனுகோவிச் என்ன செய்தார்? முன்னாள் அமைச்சர் லுட்சென்கோவை மன்னித்து அனுப்பினார், திமோஷென்கோவை விடவில்லை, கடைசியில் உடன்படிக்கையையே வேண்டாம் என்றார். 2014 பிப்ரவரி 22-இல் யனுகோவிச் ஓடிப்போனார், அன்றே அந்த அம்மா வெளியே.

மூன்றாம்மாடி சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சின்னவரைக் கொடுத்துப் பெரியவரை வைத்துக்கொள்வது.

சிராங்கூன்ராஜா | 9:02

அடுத்தவன் வீட்டுக் கதை எல்லாம் சரி. நம் ஊரில் எதிர்க்கட்சி அரசியல்வாதி சியா தை போ 1966-இல் உள்ளே போனவர், 23 ஆண்டு விசாரணையே இல்லாமல், அப்புறம் செந்தோசா தீவில் ஒரு வீட்டில், 1998-இல்தான் எல்லாக் கட்டுப்பாடும் போனது. அவருக்கு எந்த நாட்டுத் தூதர் 27 முறை வந்தார்?

நடுவர் | 9:30

தகவல் சரியானது என்பதால் நீக்கவில்லை. ஆனால் அதைப் பேச வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். இங்கே வேண்டாம், இரண்டும் கலந்தால் இரண்டும் கெடும். இன்னொன்று: யாரோ தனிச்செய்தியில் சூச்சிக்காக வெளியே கூடலாமா என்று கேட்டிருக்கிறார். 2021-இலேயே போலீஸ் எச்சரித்தது, அனுமதியில்லாமல் கூடினால் குற்றம். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு ஊர் திரும்ப வேண்டியதாகிவிடும். இங்கே அதற்கு அழைப்பு விடாதீர்கள்.

கேலாங்வாசி | 21 ஜூன், காலை 10:20

ஒருவரை எல்லாரும் விட்டுவிட்டோம், அதுவும் நம் ஊர்க்காரரை. நொலீன் ஹெய்சர். 2021 அக்டோபரிலிருந்து 2023 ஜூன் வரை ஐநா தலைமைச் செயலாளரின் மியன்மார் தூதர். சிங்கப்பூர்ப் பெண்மணி, சமூகவியல் படித்தவர்.

2022 ஆகஸ்டில் நேபிடோ போனார். மின் ஆங் லைங்கைச் சந்தித்தார். சூச்சியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். திரும்பி வந்து செப்டம்பரில் இங்கே நடந்த ஒரு கருத்தரங்கில், இனி மியன்மார் போனால் சூச்சியைப் பார்க்க முடியும் என்றால்தான் போவேன் என்றார். அத்தோடு சரி, பதவி முடியும் வரை போகவில்லை.

எனக்கு அது பிடித்திருந்தது. நிமிர்ந்து நின்ற மாதிரி இருந்தது. ஆனால் யோசித்தால், தூதரே போகமாட்டேன் என்றால் அப்புறம் எதற்குத் தூதர்?

ரங்கூன்பேத்தி | 11:05

போனதுதான் தப்பு, போகமாட்டேன் என்றது தப்பில்லை.

அண்ணே, அந்தப் பயணத்தின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய நாற்காலியில் ஜெனரல், எதிரே ஐநா தூதர். உள்ளே என்ன பேசினார் என்பது எந்தக் கிராமத்துக்காரனுக்கும் தெரியாது. படம் மட்டும் அரசு செய்தித்தாளில் வரும். உலகமே என்னிடம் வந்து பேசுகிறது என்று அவன் சொல்லாமல் சொல்லிவிட்டான். அதற்கு ஒரு மாதம் முன்னால் என்ன நடந்தது? 2022 ஜூலையில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். அதில் ஒருவர் ஃபியோ சேயா தோ, சூச்சி கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், ஹிப்ஹாப் பாடகராக இருந்தவர். இன்னொருவர் 1988 மாணவர் போராட்டத்திலிருந்து வந்த கோ ஜிம்மி. தூக்கிலிடாதே என்று அப்போதைய ஆசியான் தலைவர் ஹுன் சென் மடல் எழுதியிருந்தார். அதே ஆண்டு ஜனவரியில் மற்ற நாடுகள் முகம் சுளித்தும் கேட்காமல் நேபிடோவுக்கே போய் ஜெனரலோடு கைகுலுக்கி வந்தவர் அவர். அந்தக் கைகுலுக்கலுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஹெய்சர் அம்மா நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு தொடக்கத்தில் இங்கே தொலைக்காட்சிப் பேட்டியில் ராணுவத்தோடு அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசப்போய், 200-க்கும் மேற்பட்ட மியன்மார் அமைப்புகள் கண்டித்து அறிக்கை விட்டன. இருபக்கமும் அடி வாங்கினார்.

நூலகப்பூனை | 11:48

பேத்தி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்த்தவர் ஒருவர் உண்டு. 2023 ஜூலை 9, தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் டோன் பிரமுத்வினாய். இந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு சூச்சியைச் சந்தித்த ஒரே வெளிநாட்டு அமைச்சர். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் மற்ற அமைச்சர்களிடம் வந்து சொன்னார்: நலமாக இருக்கிறார், பேச்சுவார்த்தை வேண்டும் என்கிறார்.

டோன் யார்? முன்னாள் தளபதி பிரயுத்தின் அரசாங்கத்து ஆள், அதுவும் பதவி முடியப்போகும் நேரம். ராணுவத்துக்கு நெருக்கமானவர் என்பதால்தான் கதவு திறந்தது. அவர் சொன்னதை அப்படியே நம்பலாமா என்று பலர் கேட்டார்கள். நானும் முழுக்க நம்பவில்லை. ஆனாலும் அந்த அம்மா உயிரோடு, பேசும் நிலையில் இருக்கிறார் என்று வெளியாள் ஒருவர் சொன்னது அதுதான் முதல்முறை. நிமிர்ந்து நின்ற தூதருக்குக் கிடைக்காதது வளைந்து போனவருக்குக் கிடைத்தது. எது உபயோகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ரங்கூன்பேத்தி | 11:55

உபயோகம் டோனுக்கும் ஜெனரலுக்கும்.

கப்பல்காரன் | மதியம் 2:15

நம் அரசாங்கம் எங்கே நிற்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? 2021 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் நாடாளுமன்றத்தில், ஒரு ராணுவம் தன் மக்கள் மீதே ஆயுதத்தைத் திருப்புவது தேசிய அவமானத்தின் உச்சம் என்றார். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பிபிசி பேட்டியில் சூச்சியை விட்டுவிட்டு அவரோடு பேசுங்கள் என்றார். சிங்கப்பூர் மொழியில் இதற்கு மேல் சத்தம் கிடையாது.

2007-இல் இன்னும் ஒருபடி மேலே போனோம். காவித் துறவிகள் ஊர்வலத்தைச் சுட்டு ஒடுக்கியபோது ஆசியான் தலைமை நம்மிடம். நம் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் யோ நியூயார்க்கில் விட்ட அறிக்கையில் அருவருப்பு என்ற சொல்லே இருந்தது, சூச்சி உள்பட அரசியல் கைதிகள் அனைவரையும் விடு என்றும் இருந்தது. ஆனால் அதே நவம்பரில் இங்கே நடந்த உச்சநிலைக் கூட்டத்துக்கு, தலைவர்களிடம் நிலவரம் சொல்ல ஐநா தூதர் கம்பாரியை நாமே அழைத்தோம். மியன்மார் முறைத்தது, கடைசி நேரத்தில் அவருடைய உரை ரத்து. வந்த மனிதர் ஊரிலேயே இருந்தார், கூட்டத்தில் பேசவில்லை. உறுப்பு நாடுகள் எல்லாம் ஒத்துக்கொள்ளவேண்டும் என்ற விதி இருக்கும்வரை முறைக்கிறவன் வைத்ததுதான் சட்டம்.

தேக்காதமிழன் | 22 ஜூன், காலை 8:40

செய்தி பார்த்தீர்களா? பெலாரஸில் செர்கெய் திகனோவ்ஸ்கி விடுதலை! நேற்று ட்ரம்ப்பின் தூதர் கீத் கெல்லாக் மின்ஸ்கில் அதிபர் லுகஷென்கோவைப் பார்த்தார், சில மணி நேரத்தில் 14 பேரை லிதுவேனியாவில் கொண்டுவந்து விட்டார்கள். 2020 தேர்தலில் நிற்கப்போனவரை மே மாதமே பிடித்துப்போட்டு, 18 ஆண்டு கொடுத்தார்கள். அவருக்குப் பதிலாக மனைவி ஸ்வெத்லானா நின்றார், இப்போது வெளிநாட்டிலிருந்து எதிர்க்கட்சியை நடத்துகிறார். ஆளைப் பார்த்தால் அடையாளமே தெரியவில்லை, பாதி உடம்பு போய்விட்டது.

மூன்றாம்மாடி, இவர் வெளிநாட்டுக்காரர் இல்லை, எதிர்க்கட்சித் தலைவர். உங்கள் கணக்கு என்ன ஆனது?

மூன்றாம்மாடி | 9:26

நல்ல செய்தி, மறுக்கவில்லை. ஆனால் எப்படி விட்டார்கள் என்று பாருங்கள். நாட்டுக்குள் அல்ல, எல்லைக்கு வெளியே. உள்ளே இன்னும் ஆயிரத்துக்கும் மேல் அரசியல் கைதிகள். இன்னொரு எதிர்க்கட்சித் தலைவர் மரியா கொலெஸ்னிகோவா உள்ளேதான். 2020 செப்டம்பரில் உக்ரேன் எல்லையில் கொண்டுபோய்த் தள்ளப் பார்த்தபோது தன் கடவுச்சீட்டைக் கிழித்துப் போட்டவர் அவர். போகமாட்டேன் என்றவருக்குச் சிறை, போகக்கூடியவருக்கு வண்டி.

போன ஆண்டு ஆகஸ்ட் 1-இல் அங்காராவில் நடந்த கைதிப் பரிமாற்றத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த எதிர்க்கட்சிக்காரர் இல்யா யாஷின் அதைத்தான் சொன்னார்: என்னைக் கேட்காமல் என் நாட்டிலிருந்து வெளியே எறிந்துவிட்டார்கள் என்று. நாட்டுக்கு வெளியே போன எதிர்க்கட்சித் தலைவர் ஆட்சியாளருக்கு அவ்வளவு பாரம் இல்லை, விட்டுவிடலாம். அதே பரிமாற்றப் பட்டியலில் ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியைச் சேர்க்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். 2024 பிப்ரவரி 16-இல் சிறையிலேயே செத்துப்போனார்.

இதில் ஒரு வேடிக்கை. 2021 ஜூனில் ஐநா பொதுச்சபையில் மியன்மார் தீர்மானம் வந்தது, சூச்சியை விடு, ஆயுதம் போவதைத் தடு என்று. 119 நாடுகள் ஆதரவு, அதில் நாமும் உண்டு. 36 நடுநிலை: இந்தியா, சீனா, தாய்லாந்து எல்லாம் அதில். எதிர்த்தது ஒரே ஒரு நாடு, பெலாரஸ். இந்த மார்ச்சில் மின் ஆங் லைங் தேர்தல் எப்போது என்று அறிவித்ததும் மின்ஸ்கில் நின்றுகொண்டுதான். எப்படி விடுவது, என்ன வாங்குவது என்று நல்ல வாத்தியாரிடம் பாடம் கேட்டிருப்பார்.

ரங்கூன்பேத்தி | 10:10

சூச்சிக்கு அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருந்தது. 1999-இல் கணவர் மைக்கேல் ஆரிஸ் இங்கிலாந்தில் புற்றுநோயில் கிடந்தார். அவருக்கு விசா கொடுக்கவில்லை, நீ போய்ப் பார் என்று சூச்சியிடம் சொன்னார்கள். போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று தெரிந்து போகவில்லை. மார்ச் 27-இல் அவர் இறந்துபோனார். கடைசியாகப் பார்த்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

முந்தாநாள் மரியாதை இல்லை என்று எழுதினேன், அது ஹேக் நகரத்து சூச்சிக்கு. இந்த விஷயத்தில் வாய் பேச மாட்டேன்.

கேலாங்வாசி | 10:45

அப்படியென்றால் இந்த 80 வயதில் பாங்காக்கிலோ லண்டனிலோ விடுகிறோம் என்றால் தூதர்கள் ஒத்துக்கொள்ளலாமா? மகனுக்காவது அம்மா கிடைப்பாரே.

நூலகப்பூனை | 11:20

அதை ஒத்துக்கொள்ளவேண்டியவர் தூதர் இல்லை, அவர்தான். அவரைக் கேட்பதற்கே ஆள் உள்ளே போகமுடியவில்லை என்பதுதான் நான்கு ஆண்டாகச் சிக்கல். அதனால்தான் சந்திப்பை முதல் நிபந்தனையாக வைக்கவேண்டும் என்கிறேன். விடுதலையைக் கேட்டால் உள்நாட்டு விவகாரம் என்பார்கள். சந்திப்பு அவர்களே ஒத்துக்கொண்ட அம்சம்.

இப்போது அதைக் கேட்கத் தோதான ஆள் ஒருவர் இருக்கிறார். மலேசியப் பிரதமர், இந்த ஆண்டு ஆசியான் தலைவர் அன்வார் இப்ராஹிம். 1998-இல் உள்ளே போய் 2004-இல் வந்தவர், 2015-இல் மறுபடி போய் 2018 மே 16-இல் மாமன்னரின் மன்னிப்பில் வந்தவர். அதுவும் எந்தத் தூதர் வந்தும் அல்ல, ஒரு வாரம் முன்னால் மலேசியர்கள் ஆட்சியையே மாற்றி ஓட்டுப் போட்டதால். மூன்றாம்மாடி கைதட்டிக்கொள்ளலாம். ஏப்ரல் 17-இல் பாங்காக்கில் மின் ஆங் லைங்கைச் சந்தித்தார், நிலநடுக்கத்துக்குப் பிந்தைய போர்நிறுத்தத்தை நீட்டிக்கச் சொன்னார். மறுநாளே எதிர்த்தரப்பு ஐக்கிய அரசாங்கத்தின் பிரதமரோடு காணொளியில் பேசினார். இருபக்கமும் இப்படி வெளிப்படையாகப் பேசிய ஆசியான் தலைவர் அவருக்கு முன்னால் யாரும் இல்லை.

மூன்றாம்மாடி | 11:52

கைதட்டவில்லை, ஆனால் நன்றி. அன்வார் அந்தச் சந்திப்பில் சூச்சி பெயரை எடுத்தாரா இல்லையா என்பதுதான் என் சந்தேகம். போர்நிறுத்தம், மருந்து, கூடாரம் எல்லாம் அவசரம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓர் அவசரம் முன்னால் வந்து நிற்கிறது, கைதி பின்னால் போய்விடுகிறார். டிசம்பரில் தேர்தல் என்கிறார்கள். அவருடைய கட்சியை, மறுபதிவு செய்யவில்லை என்று சொல்லி 2023-இல் கலைத்துவிட்டார்கள். 2010 மாதிரி தேர்தல் முடிந்தபின் எங்கேயாவது ஒரு வீட்டுக்கு மாற்றிவிட்டு, பார்த்தாயா, இளகிவிட்டோம், தடையை எடு என்று வந்து நிற்பார்கள். அப்போது நம் தலைவர்கள் கைகுலுக்க வரிசையில் நிற்காமல் இருந்தால் அதுவே பெரிய ராஜதந்திரம்.

கப்பல்காரன் | மதியம் 12:30

நிற்பார்கள். எழுதி வைத்துக்கொள்.

கேலாங்வாசி | 12:41

ஜூலை இரண்டாவது வாரம் கோலாலம்பூரில் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம். அறிக்கை வந்ததும் யாராவது இங்கே ஒட்டுங்கள். அரசியல் கைதிகள் எந்தப் பத்தியில் வருகிறார்கள், விடு என்று இருக்கிறதா, குரல்களைக் கேட்டோம் என்றே இருக்கிறதா பார்ப்போம்.

நடுவர் | 12:55

பெலாரஸ் பதிவுகளுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். இந்த இழை ஜூலைக் கூட்டம் வரை திறந்திருக்கும்.